அஞ்சு மணி விரால்

பாளையம்பட்டியில் மைதீன் பிச்சை வீடு எது என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். அஞ்சு மணி பாய் வீடு என்று கேளுங்கள், கையைப் பிடித்துக் கூட்டிப்போய் வாசலில் விட்டுவிடுவார்கள். விடியற்காலையில் கண்மாயில் பிடித்த மீன் சாயங்காலம் ஐந்து மணிக்கும் அவருடைய நீல டிரம்மில் துள்ளிக்கொண்டு கிடக்கும். அதுவும் சித்திரை வெயிலில், மொபெட்டின் பின்னால் கட்டி, ஊர் ஊராகக் குலுக்கி எடுத்துக்கொண்டு போன மீன். மற்ற வியாபாரிகளின் மீனுக்குப் பதினொரு மணிக்கே கண் வெளுத்துவிடும். அவர்கள் ஐஸ் வாங்கியே நொடித்துப்போனார்கள். மைதீன் பிச்சை இருபது வருஷத்தில் ஒரு நாள்கூட ஐஸ் வாங்கியதில்லை.

அதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. அவர் விரால் மட்டும்தான் வாங்குவார். விரால் தண்ணீரை மட்டும் நம்பியிருக்கிற மீன் இல்லை. அடிக்கொரு தரம் மேலே வந்து, வாயை வெளியே நீட்டி, நம்மைப்போலக் காற்றைக் குடித்துவிட்டுப் போகும். ஈரச் சாக்கில் சுற்றிப் போட்டால்கூட அரை நாள் தாங்கும். தண்ணீர் சேறானாலும் சரி, நாற்றமெடுத்தாலும் சரி, அது பாட்டுக்குக் கிடக்கும். கெண்டை அப்படியா? தண்ணீர் கொஞ்சம் கெட்டாலே வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்துவிடும். கண்மாய்க் கரையில் வளர்ந்த எவருக்கும் இது தெரிந்த விஷயம்தான். மைதீன் பிச்சை அதை வைத்துப் பிழைத்தார். கடைசியில் அதை வைத்தே வகையாக மாட்டிக்கொள்ளவும் செய்தார்.

இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல மழை பொய்த்தது. கண்மாய்களில் மாடு மேய்ந்தது. அவர் டிரம்மைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் சவூதியில் இருக்கும் தம்மாமுக்கு விமானம் ஏறினார். அங்கே ஒரு கம்பெனியின் கழிவுநீர் நிலையத்தில் ஆறு வருஷம் வால்வு திறந்து மூடினார். ஊரில் மனைவி மீரான் பீவிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்று செய்தி வந்த வாரமே திரும்பிவிட்டார். வந்தவருக்குத் திருச்சுழி ரோட்டில் இருந்த சாய ஆலை ஒன்றில் வேலை கிடைத்தது. கழிவுநீர் வேலை தெரிந்த ஆள், அதுவும் வெளிநாட்டில் பார்த்த ஆள் என்று உடனே எடுத்துக்கொண்டார்கள்.

வேலையோடு இ.எஸ்.ஐ. கார்டும் வந்தது. அந்தக் கார்டுதான் மீரான் பீவியின் உயிர். திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் மதுரைக்கு பஸ் ஏறிப் போய், கார்டைக் காட்டினால் டயாலிசிஸ் செய்து அனுப்புவார்கள். கார்டு இல்லாமல் செய்துகொள்ள வேறு இடம் தேடாமலும் இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில், இடம் காலியானால் கூப்பிடுகிறோம் என்று போன் நம்பரை எழுதி வாங்கிக்கொண்டார்கள், இரண்டு வருஷமாக யாரும் கூப்பிடவில்லை. வேலை இருக்கிற வரைக்கும்தான் கார்டு. இது புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் தெரியும். தெரிந்ததைத் திரும்பத் திரும்பப் பேசிக்கொள்ளாமல் இருந்தார்கள்.

ஆலையில் துணிக்குச் சாயம் ஏற்றிய தண்ணீர் சிவப்பும் நீலமுமாக வரும். அதை மூன்று தொட்டிகளில் தேக்கி, மருந்து போட்டு, சகதியைப் பிரித்து, தெளிந்த பிறகுதான் ஓடையில் விட வேண்டும். ஓடை போய்க் குண்டாற்றில் சேரும். கடைசிக் குழாய்க்கு அடியில் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்திருந்தார்கள். தெளிந்த தண்ணீர் அதில் விழுந்து, நிறைந்து, வழிந்துதான் வெளியே போகும். அந்தத் தொட்டியில் மீன் நீந்திக்கொண்டிருக்க வேண்டும். சோதிக்க வருகிற அதிகாரியும் துணி வாங்க வருகிற வெளிநாட்டுக்காரனும் முதலில் அங்கேதான் வந்து நிற்பார்கள். மீன் நீந்தினால் தண்ணீர் சுத்தம்.

மைதீன் பிச்சை சேர்ந்த புதிதில் அந்தத் தொட்டியில் கெண்டைக் குஞ்சுகள் விட்டிருந்தார்கள். மூன்று நாளுக்கு ஒரு தரம் செத்தன. கழிவுநீர்ப் பிரிவைப் பார்த்துக்கொண்ட ஜெயபாண்டி, வேதியியல் படித்த இளைஞர், அள்ளிக்கொட்டி அள்ளிக்கொட்டி அலுத்துப்போனார்.

"என்ன பாய் இது, நாளைக்கு ஆளு வர்ற நேரத்துல மெதந்துச்சுன்னா என் பொழப்பு போச்சு" என்றார்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். யாரும் இவரிடம் யோசனை கேட்கவில்லை. ஆனால் இருபது வருஷத் தொழில் கர்வம் விடுமா?

"மீன் மேல தப்பு இல்ல ஸார், மீனு வாங்குன ஆளு மேலதான் தப்பு. கெண்டை அப்படித்தான் சாகும். விரால் போடுங்க. நான் கொண்டாரேன். அஞ்சு மணி பாய் மீனு செத்துச்சுன்னு இந்தச் சீமையில எவனும் சொன்னதில்ல."

மறுநாளே ஈரச் சாக்கில் ஆறு விரால் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டார். அவை சாகவில்லை. ஜெயபாண்டி அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து மீரான் பீவியிடம் அதைப் பெருமையாக வேறு சொன்னார். பண்ணைக் குஞ்சு நோஞ்சான், அதனால்தான் கெண்டை செத்தது என்றுதான் அந்த மனுஷர் அப்போது நினைத்திருந்தார்.

உண்மை தெரிந்தது ஐப்பசி மழையில். மழை கொட்டத் தொடங்கியதும் ஜெயபாண்டி வந்து, முதல் தொட்டியின் வால்வையே நேராக ஓடைக்குத் திறந்துவிடச் சொன்னார். மருந்தும் போடவில்லை, ஒன்றும் போடவில்லை. "ஓடையில வெள்ளம் போகுது, அதோட போயிரும் பாய்" என்றார். மருந்துச் செலவு மிச்சம், சகதி அள்ளுகிற வேலை மிச்சம். மைதீன் பிச்சையின் கைதான் அந்த வால்வைத் திறந்தது. மழை விட்ட பிறகும் வாரத்துக்கு இரண்டு நாள் திறந்தது. கடைசிக் குழாயிலும் அரைகுறைத் தண்ணீர்தான் வந்தது. விரால்கள் அதையும் தாங்கிக்கொண்டு, மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டு, தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தன. செத்துத் தொலைந்திருந்தாலாவது நாலு பேருக்குத் தெரிந்திருக்கும்.

ஒன்று மட்டும் நடந்தது. இருபது நாள், முப்பது நாள் கிடந்த விராலுக்குச் செவுளை ஒட்டிய துடுப்புக்கு அடியில் வெள்ளையாக ஒரு புண் வரும். துடுப்பைத் தூக்கிப் பார்த்தால்தான் தெரியும். அப்படி வந்ததை எடுத்துச் சுற்றுச்சுவர் ஓரம் புதைத்துவிட்டு, புதிதாக ஒன்று விடுவார். நாலு வருஷமாக இதுவும் அவர் வேலையில் சேர்த்தி.

புது விரால் எல்லாம் கொக்கனேந்தல் கண்மாயிலிருந்து வந்தன. அந்தக் கண்மாய் மீனைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் காளிராஜ். நிலபுலன் வைத்து விவசாயம் பார்க்கிற சம்சாரி. மைதீன் பிச்சைக்கு டிரம் கட்டிய காலத்திலிருந்து விரால் கொடுத்தவர். இவர் அவரை மச்சான் என்பார், அவர் இவரை மாப்ள என்பார். ஒரு வீட்டுக் கல்யாணத்தில் இன்னொரு வீட்டார் முதல் ஆளாய் வந்து நிற்பார்கள். கண்மாய்க்குத் தண்ணீர், ஓடை சேர்கிற இடத்துக்குக் கீழே, குண்டாற்றிலிருந்து கால்வாய் வழியாக வருகிறது. ஆற்றில் வெள்ளம் வந்தால் அதை எதிர்த்து ஏறி மீனும் வரும். இந்த வருஷம் ஐப்பசியும் கார்த்திகையும் நன்றாகப் பெய்தது. கண்மாய் நிறைந்து வழிந்து மறுகால் போனது. காளிராஜ் வண்டி வண்டியாகக் கெண்டைக் குஞ்சு வாங்கி விட்டார்.

தை மாசம் ஒரு காலையில் கண்மாய்க் கரை நெடுகிலும் வெள்ளை வெள்ளையாகக் கெண்டை ஒதுங்கிக் கிடந்தது. உள்ளங்கை அளவுக்கு வளர்ந்த மீன். காளிராஜ் அள்ளிப் புதைக்க ஜேசிபி கூப்பிட வேண்டியிருந்தது. தண்ணீரை ஒரு கேனில் பிடித்துக்கொண்டு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸுக்குப் போனார். மேலே இருக்கிற சாய ஆலைதான் காரணம் என்று மனுக் கொடுத்தார். மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி கனகலட்சுமி, ஊர்க்காரர்களையும் கூட்டிக்கொண்டு ஆலைக்கே வந்து பார்ப்பதாக நாள் குறித்தார்.

அதற்கு முதல் நாள் மத்தியானம் காளிராஜ் போன் செய்தார்.

"மாப்ள, எங்கிட்ட வாங்குன விராலத்தான் அந்தக் கண்ணாடித் தொட்டியில விட்டு வச்சிருக்கியாம்ல. கேட்டுச் சிரிச்சிட்டேன். என் மீன வச்சே என்னைய மடக்குறாக."

மைதீன் பிச்சை போனோடு சுவர் ஓரமாக ஒதுங்கினார்.

"நீ ஒண்ணும் பேச வேணாம். வீட்டுல அவுகளுக்கு இருக்கிற நெலம எனக்குத் தெரியாதா? உன் வேலைக்கு ஒரு பங்கமும் வரக் கூடாது. நான் வாளியில கெண்டைக் குஞ்சு கொண்டாரேன். உங்க கடைசிக் குழாய்த் தண்ணியப் பிடிச்சு அதுல விடச் சொல்லுவேன். ரெண்டு மணி நேரம் தாங்காது. மீனு பேசிக்கிரும், நீ சும்மா நில்லு."

போனை வைத்ததும் அவருக்கு அழுகை வந்தது. நாலு வருஷமாக நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ வந்து தூக்கிக்கொண்டு போகிறேன் என்கிறார். தான் வாயைத் திறக்க வேண்டாம், கார்டும் போகாது, உண்மையும் வெளியே வந்துவிடும். மீரான் பீவியிடம்கூடச் சொல்லவில்லை. ராத்திரி நன்றாகத் தூங்கினார்.

காலை ஆறரைக்கு ஆலைக்குள் நுழைந்தால் தண்ணீர் லாரி நிற்கிறது. குடிதண்ணீர் லாரி.

"ஓஸைக் கடைசிக் குழாய்க்குப் பின்னாடி மாட்டி விடுங்க பாய். அந்தம்மா போற வரைக்கும் இந்தத் தண்ணிதான் ஓடணும்" என்றார் ஜெயபாண்டி. அவருக்குக் கெண்டை விஷயம் ஒன்றும் தெரியாது. சோதனை என்றால் லாரி கூப்பிடுவது அவர் வழக்கம், அவ்வளவுதான். பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போவார்களே, அதற்காக.

மைதீன் பிச்சை லாரியின் ஓஸ் குழாயைக் கையில் வாங்கினார். சட்டைப்பையில் போன் இருந்தது. இன்றைக்கு வர வேண்டாம் மச்சான், நாளைக்கு வா என்று ஒரு வார்த்தை போதும். காளிராஜ் ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிப் போட்டிருப்பார். போனை எடுக்கவும் செய்தார். எடுத்தவருக்கு ஜெயபாண்டி இரண்டடி தூரத்தில் நிற்பது தெரிந்தது. அப்புறம் கழிப்பறைக்குப் போனபோது பேசியிருக்கலாமே, மணி ஏழு, ஏழரை, எட்டு என்று எவ்வளவோ நேரம் இருந்ததே என்று கேட்டால், காரணம் ஒன்றுதான். பயம். வேறென்ன? மதுரை ஆஸ்பத்திரியில் கார்டை நீட்டுகிறபோது அந்த ஜன்னலுக்குள்ளிருந்து "இது செல்லாது" என்று ஒரு குரல் வருவதாக அவர் அடிக்கடி கனவு கண்டிருக்கிறார். ஓஸை மாட்டிவிட்டார்.

பதினொரு மணிக்குக் கனகலட்சுமி வந்தார். பின்னால் காளிராஜும் ஊர்க்காரர்கள் பத்துப் பேரும். கண்ணாடித் தொட்டியில் ஆறு விராலும் கம்பீரமாக நீந்தின.

"மேடம், இது விராலு. சாக்கடையிலயும் கெடக்கும். இத வச்சுத் தண்ணியப் பாக்கக் கூடாது" என்றார் காளிராஜ். "நான் கெண்டை கொண்டாந்திருக்கேன். இந்தக் குழாய்த் தண்ணியிலயே விட்டுப் பாப்போம்."

அதிகாரிக்கு அது நியாயமாகப் பட்டது. "நீங்க என்ன சொல்றீங்க?" என்று ஜெயபாண்டியைக் கேட்டார். ஜெயபாண்டி, தாராளமாக என்றார். ஒரு வெள்ளை வாளியில் கடைசிக் குழாய்த் தண்ணீரைப் பிடித்தார்கள். பிடித்துக் கொடுத்தது மைதீன் பிச்சை. எட்டுக் கெண்டைக் குஞ்சுகளை அதில் விட்டார்கள். நாற்காலி போட்டார்கள், டீ வந்தது.

காளிராஜ் டீயும் குடிக்கவில்லை, நாற்காலியிலும் உட்காரவில்லை. வாளி ஓரமாகக் குத்த வைத்துக் குஞ்சுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணி ஆனது. ஒரு மணி ஆனது. குஞ்சுகள் கூட்டமாக இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் ஓடி விளையாடின. ஏன் விளையாடாது, பாளையம்பட்டி ஜனம் குடிக்கிற தண்ணீர் அது. மைதீன் பிச்சை வாய்க்குள்ளேயே, யா அல்லாஹ், ஒண்ணாவது சாகட்டும் என்று கேட்டுக்கொண்டார். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு மீன் சாக வேண்டும் என்று கேட்டார். ஒன்றும் சாகவில்லை.

இரண்டு மணி நேரம் முடிந்ததும் ஊர்க்காரர்களில் ஒருவர் சிரித்தார். இன்னொருவர், "இதுக்காகவா ஒரு நாள் கூலிய விட்டு வந்தோம்" என்றார். அதிகாரி பாட்டில்களில் தண்ணீரைப் பிடித்து, மூடியில் சீட்டு ஒட்டி எடுத்துக்கொண்டு, கண்மாயில் வேறு காரணம் இருக்கலாம் என்று காளிராஜிடம் மரியாதையாகவே சொல்லிவிட்டுப் போனார்.

காளிராஜ் எழுந்து மைதீன் பிச்சை பக்கம் வந்தார். "தப்பா நெனச்சிட்டேன் மாப்ள. என் கண்மாய்லதான் ஏதோ கோளாறு. உன்னையும் சேத்து மனசுக்குள்ள வஞ்சிட்டேன், வச்சுக்கிராத" என்றார். செருப்பைக் கழற்றி அடித்திருந்தால்கூட மைதீன் பிச்சை தாங்கியிருப்பார்.

அதற்கப்புறம் கொக்கனேந்தலில் காளிராஜ் பேச்சுக்கு மதிப்பில்லாமல் போனது. வெயில் ஏறிக் கண்மாய் வற்றியதும், மிச்ச மீனைத் தானே பிடிக்க மனசில்லாமல், ஊருக்கே விட்டுக்கொடுத்துவிட்டார். அந்தப் பக்கத்தில் அது ஒரு திருவிழா. சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கரையில் நின்று துண்டை வீசினால், சுற்று வட்டாரத்து ஜனமெல்லாம் கூடையும் வலையுமாக இறங்கிவிடும். அன்றைக்குப் பிடிக்கிற மீனை விற்கக் கூடாது, தூரப் போடக் கூடாது. குழம்பு வைத்துத் தின்ன வேண்டும், சொந்தபந்தத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் அடுத்த வருஷம் மழை இல்லை என்பது நம்பிக்கை. அன்றைக்கு அத்தனை பேர் கூடையிலும் விராலாகவே விழுந்தது. ஜனம் குதித்தது. கெண்டை ஏன் ஒன்றுகூட இல்லை என்று எவரும் கேட்கவில்லை.

பத்தரை மணிக்குக் காளிராஜும் அவர் மனைவி மூக்கம்மாளும் பாளையம்பட்டி வீட்டுக்கு வந்துவிட்டார்கள். கையில் ஈரச் சாக்கு. உள்ளே நாலு விரால் துள்ளியது.

"மொத மீனு உனக்குத்தான் மாப்ள. தங்கச்சி கையால கொழம்பு வச்சுச் சாப்பிட்டுட்டுத்தான் போறோம்" என்றார் காளிராஜ்.

மீரான் பீவி சாம்பலும் அரிவாள்மனையுமாகப் பின்கட்டில் உட்கார்ந்தாள். அவள் தின்னக் கூடாது, ஒரு நாளைக்குக் குடிக்கிற தண்ணீரையே டம்ளர் கணக்கில் அளந்து குடிக்கிறவள். ஆனாலும் வந்தவர்களுக்குத் தன் கையால் வைத்துப் போட வேண்டும் என்று சிரித்துக்கொண்டே போனாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

"இங்க பாருங்க. துடுப்புக்கு அடியில என்னமோ வெள்ளையா இருக்கு. நாலுலயும் இருக்கு."

மைதீன் பிச்சை போய்ப் பார்த்தார். பார்க்கவே தேவையில்லை. நாலு வருஷமாகச் சுவர் ஓரம் புதைத்த அதே புண். ஆலைத் தண்ணீர் அங்கே போய்விட்டது, கண்மாய் முழுக்கப் போய்விட்டது.

முன்கட்டில் மூக்கம்மாள் பேசிக்கொண்டிருந்தாள். "மக முனீஸ்வரிக்கு இது மூணாம் மாசம். சோத்தக் கண்டாலே ஓடுறா. விரால் கொழம்புன்னதும் இன்னைக்குத்தான் மொகம் தெளிஞ்சா. சட்டிய அடுப்புல ஏத்திட்டு வந்துருக்கேன்."

மைதீன் பிச்சை வெளியே வந்தார். "மூக்கம்மா, பிள்ளைக்குப் போன் போடு. சாப்பிட வேணாம்னு சொல்லு."

"ஏண்ணே?"

"போடு மொதல்ல."

காளிராஜ் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானே போட்டார். முனீஸ்வரி இன்னும் சாப்பிடவில்லை, இப்போதுதான் கொதிக்கிறது என்றாள். இறக்கி வை, தொடாதே என்று சொல்லிவிட்டு, இவர் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்கு உங்க வாளியில பிடிச்சது ஆலைத் தண்ணி இல்ல மச்சான்" என்றார் மைதீன் பிச்சை. "லாரித் தண்ணி. குடிக்கிற தண்ணி. ஓஸ மாட்டுனது நான்தான். மழைக்கு வால்வத் தொறந்து விடுறதும் நான்தான். விரால் போடச் சொல்லிக் குடுத்ததே நான்தான்."

காளிராஜ் பின்கட்டுக்குப் போய் ஒரு விராலின் துடுப்பைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்தார். மூக்கம்மாள் தலையில் கையை வைத்துக்கொண்டாள். பின்கட்டு வாசலில் மீரான் பீவி, கையில் சாம்பலோடு நின்றாள். அவளுக்கும் இது புதுச் செய்திதான்.

"ஊரு பூராவும் அடுப்புல சட்டி இருக்கு மாப்ள" என்றார் காளிராஜ். "நான் போய்ச் சொன்னா எவனும் கேக்க மாட்டான். வாளி மீனக் கண்ணால பாத்தவனுக. நீ வந்து சொன்னாத்தான் உண்டு."

மைதீன் பிச்சை மீரான் பீவியைப் பார்த்தார். அந்தப் பார்வையைக் காளிராஜும் பார்த்துவிட்டார்.

"வேணாம். விடு" என்று எழுந்தார். "நாளைக்கு அவுகளுக்கு ஆஸ்பத்திரி. நான் எப்படியாச்சும் சொல்லிப் பாத்துக்கிறேன். வா மூக்கம்மா."

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. ஜெயபாண்டி. அவர் குரல் எப்போதுமே ஊருக்குக் கேட்கும்.

"பாய், லீவு நாள்ல கூப்பிடுறேன்னு நெனைக்காதீங்க. தொட்டியில ஒரு விராலு மெதக்குது. வாட்ச்மேன் படம் எடுத்து அனுப்பியிருக்கான். நாளைக்குத் துணி வாங்குற வெளிநாட்டுக் கம்பெனிக்காரங்க வர்றாங்க. அத எடுத்துப் புதைச்சிட்டு வேற ரெண்டு வாங்கி விட்டுருங்க."

சேற்றில் கிடக்கும், சாக்கில் கிடக்கும், மொபெட்டில் நாளெல்லாம் குலுங்கும், அந்த விரால் செத்துவிட்டது.

"நானே வந்து எடுத்துக்கிறேன் ஸார்" என்றார். சாக்கை உதறி மடித்து எடுத்துக்கொண்டு, காளிராஜின் மோட்டார் பைக்கில் பின்னால் ஏறி உட்கார்ந்தார். "மொதல்ல ஆலை, அப்புறம் ஊரு" என்றார். மூக்கம்மாள் மீரான் பீவியோடு இருந்துகொண்டாள்.

கொக்கனேந்தலில் கோயிலுக்கு எதிரே கூட்டமாக உட்கார்ந்து தின்னத் தொடங்கியிருந்தார்கள். மைதீன் பிச்சை சாக்கைப் பிரித்து, செத்த விராலை எல்லோருக்கும் நடுவில் தரையில் வைத்தார்.

"எல்லாருக்கும் என்னையத் தெரியும். எங்கிட்ட வாங்குன விராலு சாயங்காலம் அஞ்சு மணிக்கும் துள்ளும்னு தெரியும். இது ஆலைத் தொட்டியில கெடந்தது. செத்துருச்சு. இதோட துடுப்பையும் தூக்கிப் பாருங்க, உங்க சட்டியில கெடக்கிறதையும் பாருங்க." வாளி விஷயத்தையும் லாரி விஷயத்தையும் ஒன்றுவிடாமல் சொன்னார்.

ஒரு பெண், "அந்தப் புண்ணையா சொல்றீக? அத நாங்க அரிஞ்சு போட்டுட்டுத்தானே கொழம்பு வச்சோம்" என்றாள். சிலர் சட்டியோடு கொண்டுபோய்க் குழியில் கவிழ்த்தார்கள். சிலர் மழையை நினைத்துக்கொண்டு தயங்கி நின்றார்கள். பாதிப் பேர் தின்று கை கழுவியிருந்தார்கள். முன்பு சிரித்த அந்த மனிதர் வந்து காளிராஜின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மைதீன் பிச்சையிடம் யாரும் பேசவில்லை, ஒருவரும் தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. அது அவருக்குச் சரியாகத்தான் பட்டது.

திரும்புகிற வழியில் பைக்கை நிறுத்தச் சொல்லி ஒரு கடையில் தெர்மோகோல் பெட்டியும் ஐஸும் வாங்கினார். செத்த விராலைத் துணியில் சுற்றி ஐஸுக்குள் வைத்தார்.

வீட்டுக்கு வரும்போது மணி ஐந்து. மூக்கம்மாளை ஏற்றிக்கொண்டு காளிராஜ் கிளம்பினார். "காலையில ஏழு மணிக்கு வாரேன் மாப்ள, கலெக்டர் ஆபீஸுக்குச் சேந்து போவோம். அந்த மேடத்துக்கும் சொல்லிட்டேன், மீன ஐஸுல வச்சுக் கொண்டாரச் சொன்னாக" என்று மட்டும் சொன்னார். ஜெயபாண்டியிடமிருந்து ஒன்பது தடவை போன் வந்திருந்தது. மைதீன் பிச்சை எடுக்கவில்லை.

மீரான் பீவி அன்றைக்கு மிச்சமிருந்த அரை டம்ளர் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாளெல்லாம் அவள் ஒரு வார்த்தை ஏசவில்லை.

"மனுக் குடுக்கிற நாளும் திங்கள்தான், எனக்கு ஆஸ்பத்திரி நாளும் திங்கள்தான்" என்றாள். "நீங்க அண்ணன்கூடப் போயிட்டு வாங்க. நான் பஸ்ஸுல தனியாப் போயிக்கிறேன்."

அவர் தலையை ஆட்டினார்.

"நாளைக்குக் கார்டு செல்லும்ல?"

"நாளைக்குச் செல்லும்" என்றார் மைதீன் பிச்சை.

அவள் தண்ணீரைக் குடித்தாள். வியாழக்கிழமையைப் பற்றி அவள் கேட்கவில்லை.